'உட்காராதீர்கள்' என்பதைக் கனிவாகச் சொல்வது

மனித நாகரிகம் இதுவரை மூன்று மாபெரும் பாய்ச்சல்களைக் கண்டிருக்கிறது. முதலாவது நெருப்பு. இரண்டாவது சக்கரம். மூன்றாவது, ஒரு கெட்ட செய்தியை, அதைப் பெறுகிறவர் நன்றி சொல்லிப் பதில் போடும்படியாக எழுதும் கலை. முதல் இரண்டும் எங்கே, எப்போது தோன்றின என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. மூன்றாவதைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். அது நெதர்லாந்தின் வடக்கே, ஆஸென் நகரத்தில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, காப்பி நேரத்தில் முழுமை பெற்றது.

ஆஸெனில் ஆசனம் செய்யும் கம்பெனி ஒன்று இருப்பது தமிழ்க் காதுக்கு வெகு பொருத்தமாகப் படும். அந்த ஊர்க்காரர்களுக்கு அதில் ஒரு வேடிக்கையும் தெரியாது. அங்கே வீட்டு மாடிப்படிகள் ஏணியைப் போல நெட்டுக்குத்தாக நிற்கும். வயதானவர்கள் ஏறி இறங்குவதற்காகப் படியோரம் ஒரு தண்டவாளம் போட்டு, அதில் ஒரு நாற்காலியை மாட்டித் தருவதுதான் கம்பெனியின் தொழில். உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால் நாற்காலி முனகிக்கொண்டே மேலே போகும். மாடி வந்ததும் நின்றுவிடும்.

இந்தக் கம்பெனியில் வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவள் யான்டினா பூர்மா. ஐம்பத்துநாலு வயது. உயரமானவள், சைக்கிளில் வருகிறவள், மழைக்கோட்டைக் கழற்றி மாட்டுவதற்கு முன்பே முதல் கடிதத்துக்குப் பதில் யோசித்துவிடுகிறவள். இருபத்திரண்டு வருடமாக அவள் எழுதிவந்த பதில்கள் இந்த ரகம்:

"நீங்கள் சொல்வது சரி. மோட்டார் சத்தம் போடுகிறது. தப்பு எங்களுடையது. வியாழன் காலை பத்து மணிக்கு ஹார்ம் வருவார். நாயைக் கட்டிவையுங்கள்."

அல்லது:

"நீங்கள் சொல்வது சரியில்லை. நாற்காலி தானாகப் பழுதாகவில்லை. நீங்கள் அதில் துணி துவைக்கும் இயந்திரத்தை ஏற்றியிருக்கிறீர்கள். இனிமேல் ஏற்றாதீர்கள்."

இந்தப் பதில்களைப் பெற்ற யாரும் மறுகடிதம் போட்டதில்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்று யான்டினா நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அறியாமை அவ்வளவு ஆழமாக இருந்தது.

அவளை அதிலிருந்து மீட்டவர் இயக்குநர் மார்னிக்ஸ். நாற்பத்தொரு வயது, வெள்ளை ரப்பர் காலணி, எந்நேரமும் லேசாகத் தலையைச் சாய்த்துக் கேட்கும் முகம். இயக்குநர்களுக்கென்று ஒரு தீவில் நடந்த மூன்று நாள் முகாமுக்குப் போய், சேற்றில் வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்திருந்தார். வந்தவர் காப்பி நேரத்தில் எல்லோரையும் கூட்டினார்.

"நம்ம கடிதங்கள் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா சரியா இருந்தா மட்டும் போதுமா?" என்று கேட்டார்.

"போதாதா?" என்றாள் யான்டினா.

"பாத்தீங்களா!" என்றார் மார்னிக்ஸ், துயரத்தோடு. "இந்தத் தொனியத்தான் சொல்றேன்."

அடுத்த வாரம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து யோலெய்ன் வந்து இறங்கினாள். 'கனிவான எழுத்து' ஆலோசகர். பெரிய கம்மல், மெல்லிய குரல், கழுத்தைச் சுற்றி மூன்று முறை சுற்றிய சால்வை. அவள் வந்த அன்று பிஸ்கட் டின் மூடப்படாமல் மேசையிலேயே திறந்திருந்தது. காப்பிக்கு ஒரு பிஸ்கட், பிறகு மூடி என்று வாழ்ந்த கம்பெனியில், ஏதோ பெரிய மாற்றம் வரப்போகிறது என்று எல்லோருக்கும் அப்போதே புரிந்துவிட்டது.

யோலெய்னின் கோட்பாடுகள் எளிமையானவை. எதிர்மறைச் சொல் கூடாது. 'இல்லை', 'முடியாது', 'தப்பு', 'பழுது' ஆகிய நான்கும் அன்றோடு ஓய்வு பெற்றன. பழுது என்பது இனி 'மேம்பாட்டு வாய்ப்பு'. தாமதம் என்பது 'நீட்டிக்கப்பட்ட எதிர்பார்ப்பு'. யாரையும் ஒதுக்கிவைக்கவும் கூடாது. 'படியேற முடியாதவர்கள்' என்று விளம்பரத்தில் இருந்ததை 'மாடியைத் தமக்கே உரிய முறையில் அணுகுபவர்கள்' என்று மாற்றினாள்.

வாடிக்கையாளரை எப்படி விளிப்பது என்பதில் ஒரு முழுக் காலைப்பொழுது போயிற்று.

"'நீங்கள்'னு எழுதறது தூரத்தைக் காட்டுது. 'நீ'ன்னு எழுதுவோம். அதுல ஒரு நெருக்கம் இருக்கு," என்றாள் யோலெய்ன்.

"நம்ம ஆளுங்களுக்கு எண்பது வயசு," என்றாள் யான்டினா. "எண்பது வயசுக்காரரை நீன்னு எழுதினா நெருங்கி வருவாரு. அடிக்க வருவாரு."

"வயசைக் குறிப்பிடறது ஒதுக்கறது மாதிரி."

"சரி, நீண்ட அனுபவம் உள்ளவரு அடிக்க வருவாரு."

கடைசியில் 'நீ'யும் வேண்டாம், 'நீங்கள்' என்பதும் வேண்டாம், எல்லாவற்றையும் 'நாம்' என்றே எழுதலாம் என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. அந்த நாட்டு மொழியில் நாம் என்பதற்கும் நாங்கள் என்பதற்கும் சேர்த்து ஒரே சொல்தான். யார் உள்ளே, யார் வெளியே என்று படிக்கிறவருக்குத் தெரியவே தெரியாது. அலுவலகம் நடத்த இதைவிட வசதியான மொழி உலகத்தில் கிடையாது. அன்று மாலையே ஒரு முதியவருக்கு, மன்னிக்கவும், நீண்ட அனுபவம் உள்ளவருக்கு, "நாம் நமது முழங்கால் அறுவைச் சிகிச்சையிலிருந்து நலமாகத் தேறி வருவோமாக" என்று ஒரு கடிதம் போயிற்று. யாருடைய முழங்கால் என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கக்கூடும்.

யான்டினா இதையெல்லாம் மனத்துக்குள் சிரித்து ஒதுக்கியிருப்பாள். ஆனால் இரண்டாம் நாள் யோலெய்ன் பழைய கோப்புகளிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து உரக்கப் படித்தாள்.

"உங்கள் கணவர் காலமானதை அறிந்தோம். நாற்காலியைக் கழற்ற வியாழன் இரண்டு மணிக்கு ஆள் வருவார். தண்டவாளம் இருந்த இடத்தில் நான்கு துளைகள் இருக்கும். அவற்றை அடைப்பது உங்கள் பொறுப்பு."

கீழே யான்டினாவின் கையெழுத்து இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, வேலை நெருக்கடியில் எழுதியது. அந்த அம்மாள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு படியடியில் நின்றிருப்பாளே என்று அவளுக்கு இப்போதுதான் தோன்றியது. காது மடல்கள் சூடாயின.

"இது நான் எழுதினதுதான்," என்றாள். "மோசமா எழுதியிருக்கேன்."

"மேம்பாட்டு வாய்ப்பு," என்று திருத்தினாள் யோலெய்ன்.

"மோசம்தான்," என்றாள் யான்டினா. அன்று முதல் அவள் உண்மையாகவே கற்றுக்கொள்ளத் தொடங்கினாள்.

கற்றுக்கொள்வதற்குத் துணையாக ஒரு கருவியும் வந்தது. அதற்குக் 'கனிவுமானி' என்று பெயர். கணினியில் கடிதத்தை எழுதி முடித்ததும் அது நூற்றுக்கு மதிப்பெண் போடும். எண்பதுக்குக் குறைந்தால் 'அனுப்பு' பொத்தான் சாம்பல் நிறத்திலேயே இருக்கும். அழுத்தினால் ஒரு சின்னப் பூ திரையில் வாடி விழும். யான்டினாவின் முதல் கடிதத்துக்குப் பதினொன்று கிடைத்தது. அந்தப் பதினொன்றும் அவள் முடிவில் 'வணக்கம்' போட்டதற்காக.

விடாமல் முயன்றாள். சாப்பாட்டு நேரத்திலும் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் சொற்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். நாற்பது வந்தது. அறுபத்தாறு வந்தது. செப்டம்பர் முடிவதற்குள் தொண்ணூற்றுநான்கைத் தொட்டுவிட்டாள். மார்னிக்ஸ் அவள் மேசைக்கே வந்து கை குலுக்கினார். இருபத்திரண்டு வருடத்தில் அவளுடைய எழுத்தை யாரும் பாராட்டியது அதுவே முதல் தடவை. சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது, எதிர்க்காற்றிலும், அவள் லேசாகச் சீட்டியடித்தாள்.

அக்டோபர் மூன்றாம் வாரம் ஹார்ம் உள்ளே வந்தான்.

ஹார்ம் கம்பெனியின் மூத்த மெக்கானிக். ஐம்பத்தெட்டு வயது, அகலமான கை, வாழ்க்கையில் பாதியை வேனுக்குள்ளேயே கழித்தவன். மழைத்தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து, யான்டினாவின் மேசைமேல் ஓர் ஆணியை வைத்தான். சுண்டுவிரல் அளவு. நடுவில் முடி போல ஒரு விரிசல்.

"என்ன இது?"

"சீட்டைத் தாங்கிப் பிடிக்கிற பூட்டு ஆணி. மார்ச்சுல வந்த சரக்கு பூராவும் இப்படித்தான் இருக்கு. பழைய நாற்காலிங்களுக்கும் அதைத்தான் மாத்திப் போட்டோம். இதுவரைக்கும் மூணு வீட்டுல பாத்துட்டேன். என்னிக்காவது ஒரு நாள் பட்டுனு விட்டுடும். சீட்டு அப்படியே முன்னாடி கவுந்துடும். ஆளு படியில உருள வேண்டியதுதான்."

"எத்தனை வீடு?"

"இருநூத்திப் பன்னெண்டு. புது ஆணி வர இன்னும் பன்னெண்டு நாளாகுமாம். அதுவரைக்கும் ஒருத்தரும் உக்காரக் கூடாது. எழுதிப் போட்டுடு."

யான்டினா அங்கேயே எழுதினாள். "உங்கள் நாற்காலியில் உட்காராதீர்கள். ஓர் ஆணியில் விரிசல் இருக்கிறது. நீங்கள் விழக்கூடும். பன்னிரண்டு நாளில் வந்து மாற்றித் தருகிறோம். அதுவரை கீழேயே படுத்துக்கொள்ளுங்கள். கட்டிலை இறக்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்."

கனிவுமானி மூன்று மதிப்பெண் கொடுத்தது. பூ வாடவில்லை, தீப்பிடித்தது. அப்படி ஒரு படம் அதற்குள் இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது.

அவசரக் கூட்டம் கூடிற்று. அதுதான் முதலிலேயே சொன்ன, வரலாற்றுப் புகழ் பெற்ற அந்தச் செவ்வாய்க்கிழமை.

"'உட்காராதீர்கள்' வேண்டாம். அது கட்டளை. போதாக்குறைக்கு எதிர்மறை," என்றாள் யோலெய்ன்.

"'விழக்கூடும்'னாவது இருக்கட்டும்," என்றாள் யான்டினா.

"பயமுறுத்தும். 'தரையோடு ஒரு சந்திப்பு'ன்னு சொல்லலாமா?"

"சந்திப்புன்னா தேதி கேப்பாங்க," என்றான் ஹார்ம்.

மார்னிக்ஸ் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "இப்படிச் சொன்னா என்ன? 'நிற்பதன் சுகங்களை மீண்டும் கண்டுகொள்ள அழைக்கிறோம்.'"

அறை முழுவதும் ஒரு மரியாதை கலந்த முணுமுணுப்பு. யோலெய்ன் மட்டும் வருத்தமாகத் தலையசைத்தாள். "அழகான வரி, மார்னிக்ஸ். ஆனா நிக்க முடியாதவங்க இதைப் படிச்சா தாங்க ஒதுக்கப்பட்டதா உணர மாட்டாங்களா?"

"ஆமாமா. அப்போ 'நிற்பது, சாய்வது, படுப்பது ஆகிய எல்லா நிலைகளின் சுகங்களையும்'."

"இப்போ உக்கார்றவங்க மட்டும் விட்டுப்போறாங்க."

"உக்கார்றவங்களத்தானம்மா விடணும்!" என்றான் ஹார்ம்.

"யாரையும் விடறதுக்கு இந்தக் கம்பெனியில இடமில்லை, ஹார்ம்," என்றார் மார்னிக்ஸ். சொன்ன வாக்கியத்தில் 'இல்லை' வந்துவிட்டதை உணர்ந்து உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

இறுதியில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் போன கடிதம் இது:

"அன்பான நாற்காலிக் குடும்பத்துக்கு, நமது நாற்காலியோடு நாம் கழித்த இனிய மாதங்களைக் கொண்டாடும் வேளை இது. தரத்தின் மேல் நாம் வைத்திருக்கும் தீராத அன்பின் காரணமாக, இருக்கையின் அடியில் வாழும் ஒரு சின்னஞ்சிறு பாகத்துக்கு இன்னும் ஒளிமயமான எதிர்காலத்தை வழங்கவிருக்கிறோம். அந்த நன்னாள் வரும் வரை, நிற்பது, சாய்வது, படுப்பது, அமர்வது ஆகிய எல்லா நிலைகளின் சுகங்களையும் விழிப்புணர்வோடு கண்டுகொள்ள நம் அனைவரையும் அழைக்கிறோம். ஒன்றாக உயர்வோம்!"

தொண்ணூற்றெட்டு. கனிவுமானியின் திரையில் துலிப் தோட்டமே பூத்தது. மார்னிக்ஸ் கைக்குட்டையை எடுத்தார். எந்தக் கடிதத்துக்கும் ஒரு மனித முகம் வேண்டும் என்பதால் கீழே யான்டினாவின் பெயரும், அவள் சிரிக்கும் புகைப்படமும் சேர்க்கப்பட்டன.

ஹார்ம் தாளை இரண்டு முறை படித்தான். "இதுல உக்காராதேன்னு எங்க இருக்கு?"

"'விழிப்புணர்வோடு'ன்னு இருக்கே," என்றாள் யோலெய்ன்.

யான்டினாவின் வயிற்றில் ஏதோ உறுத்தியது. ஆனால் இந்த மூன்று மாதத்தில், தன் வயிறு சொல்வதெல்லாம் தொனி சரியில்லாதது என்று அவள் பழகியிருந்தாள். துளைகளை அடைப்பது உங்கள் பொறுப்பு என்று எழுதிய வயிறும் இதே வயிறுதானே. அதோடு அந்தத் தொண்ணூற்றெட்டையும் அவள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பதில்கள் வரத் தொடங்கின. எல்லாம் நன்றிக் கடிதங்கள். ஓர் அம்மாள் படத்தோடு அஞ்சலட்டை அனுப்பியிருந்தாள். இன்னொருவர் நாற்காலிக்குப் புது மெத்தை தைத்துப் போட்டிருப்பதாக எழுதியிருந்தார். மார்னிக்ஸ் அவற்றையெல்லாம் சுவரில் ஒட்டச் சொன்னார்.

பதினொரு மணிக்கு யான்டினாவின் தொலைபேசி அடித்தது.

"யான்டினா பூர்மாங்களா? நான் ஹாகெடோர்ன் பேசறேன். பெய்லென்ல இருந்து." ஓய்வு பெற்ற ரயில் நிலைய அதிகாரி, எண்பத்தாறு வயது, தனியாக இருப்பவர். வருடத்துக்கு ஒரு தடவை மோட்டாருக்கு எண்ணெய் போடச் சொல்லி எழுதுவார். "உங்க லெட்டர் வந்துதும்மா. ரொம்ப சந்தோஷம். அந்தப் போட்டோ நல்லா வந்திருக்கு."

"நன்றிங்க சார்," என்றாள் யான்டினா. பின்னால் ஒரு முனகல் கேட்டது. அந்தச் சத்தத்தை அவள் தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் சொல்வாள். "சார், இப்போ எங்க இருக்கீங்க?"

"நாற்காலியிலதான். உங்க லெட்டர்ல சொன்ன மாதிரி விழிப்புணர்வோட உக்காந்து மேல போய்ட்டிருக்கேன். இப்போ மூணாவது படி."

மூன்று மாதப் பயிற்சி யான்டினாவின் நாக்கில் வந்து நின்றது. "சார், அந்த... இப்போ நாம வேற ஒரு நிலையோட சுகத்தையும் கொஞ்சம்..."

"மாட்டேனே! இதுவே சுகமாத்தான் இருக்கு. அஞ்சாவது படி."

"சார், நாம இந்தப் பயணத்தைக் கொஞ்சம் நிறுத்தி, நின்னு யோசிக்க ஒரு நல்ல வாய்ப்பு..."

"என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு? உடம்பு சரியில்லையா? ஏழாவது படி தாண்டியாச்சு."

"எறங்கு!" என்று கத்தினாள் யான்டினா. அலுவலகமே திரும்பிப் பார்த்தது. "யோவ், பொத்தானை விட்டுட்டு எறங்கு! அந்த ஆணி விரிஞ்சு போச்சு! உக்காந்தா விழுவே!"

முனகல் நின்றது.

"இப்போ என்னை நீன்னா சொன்னே?" என்றார் ஹாகெடோர்ன்.

"ஆமா, சொன்னேன். கைப்பிடியப் பிடிச்சுக்கோ. பிடிச்சியா? மெதுவா எந்திரி. நாற்காலியில பாரம் போடாதே. படியில உக்காரு. உக்காந்தாச்சா?"

துணி உரசும் சத்தம். ஒரு பெருமூச்சு. "உக்காந்துட்டேன். எட்டாவது படி."

"அங்கயே இரு. ஹார்ம் வரான். நான் லைன்லயே இருக்கேன்."

ஹார்ம் வேனை எடுத்துக்கொண்டு கிளம்ப, யான்டினாவும் ஹாகெடோர்னும் இருபது நிமிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் ரயில்களைப் பற்றிச் சொன்னார். முப்பத்தெட்டு வருடம் ஒலிபெருக்கியில் அறிவித்தாராம். "வண்டி வராதுன்னா 'வண்டி வராது'ன்னு சொல்லுவேன். ஜனங்க ரெண்டு நிமிஷம் திட்டுவாங்க. அப்புறம் பஸ்ஸைப் பாத்துப் போய்டுவாங்க. நீ அந்த லெட்டர்ல ஏன் அப்படி எழுதல?"

யான்டினா மூக்கை உறிஞ்சினாள். "தெரியல சார். நல்லபடியா எழுதணும்னு நெனச்சேன். உங்கள விழ விட்டிருப்பேன்."

"விழலையே. சரி, அழாதே. எனக்கு இங்க குளிருது, அதுக்கு ஏதாவது பேசு."

ஹார்ம் போய்ச் சேர்ந்ததும் முதலில் அவரைத் தாங்கிக் கீழே இறக்கினான். பிறகு நாற்காலியின் மேல் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்திப் பார்த்தான். ஆணி பட்டென்று விட்டது. இருக்கை கவிழ்ந்தது. அதன்மேல் இருந்த மெத்தையும் மூக்குக்கண்ணாடியும் கனிவான அந்தக் கடிதமும் எட்டுப் படியும் உருண்டு கீழே வந்தன. தொலைபேசி வழியாக அந்தச் சத்தத்தை யான்டினா முழுவதும் கேட்டாள்.

பிறகு பெயர்ப் பட்டியலை எடுத்தாள். தொலைபேசியில் கனிவுமானி கிடையாது. அன்றும், மறுநாள் சனிக்கிழமையும் அவளும் ஹார்மும் ஆளுக்கொரு தொலைபேசியாக மீதி இருநூற்றுப் பதினொரு வீட்டையும் கூப்பிட்டார்கள். "உட்காராதீங்க. ஆணி விரிஞ்சிருக்கு. விழுந்துடுவீங்க. கடிதம் தப்பு, நான்தான் எழுதினேன், மன்னிச்சுக்குங்க. கட்டிலைக் கீழ எறக்கணுமா?" ஒவ்வொரு வீட்டுக்கும் அதே ஐந்து வாக்கியம்.

"அடடா, அதை நான் பிறந்தநாள் வாழ்த்துன்னு நெனச்சு ஜன்னல்ல வச்சிருக்கேன்," என்றாள் ஓர் அம்மாள்.

"நாங்க சந்தா கேக்கறீங்கன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுட்டோம்," என்றார் ஒருவர்.

இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டில் ஒரே ஒருவர் மட்டும் கடிதத்தைச் சரியாகப் புரிந்துகொண்டு, அன்று முதல் நாற்காலிப் பக்கமே போகாமல் இருந்தார். அவர் முப்பது வருடம் ஓர் அமைச்சகத்தில் அறிக்கை எழுதியவர்.

பன்னிரண்டாம் நாள் புது ஆணிகள் வந்தன. எல்லா வீட்டிலும் மாற்றினார்கள். ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை.

இந்த மகத்தான விளைவுக்குக் காரணம் எது என்பதில் நிர்வாகத்துக்கு ஐயமே எழவில்லை. ஆண்டறிக்கையில் மார்னிக்ஸ் எழுதினார்: "ஒரு கனிவான கடிதம், இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள், விபத்து ஏதும் நேராத பன்னிரண்டு இனிய நாட்கள்." கடிதம் ஒரு போட்டிக்கு அனுப்பப்பட்டு, 'வருடத்தின் இதமான வணிகச் செய்தி' என்ற பரிசைப் பெற்றது. கண்ணாடியால் செய்த ஓர் இதயம் அலுவலக வாசலில் வைக்கப்பட்டது. யோலெய்ன் இப்போது மருத்துவமனைகளுக்கும் பயிற்சி தருகிறாள்.

அந்த இரண்டு நாள் தொலைபேசிப் பேச்சுகளைப் பற்றியும் நிர்வாகம் கவலையோடு விசாரித்தது. யான்டினா சுமார் ஆயிரம் எதிர்மறைச் சொற்களை வெளியிட்டிருப்பதாகவும், நீண்ட அனுபவமுள்ள ஒரு வாடிக்கையாளரை 'யோவ்' என்று அழைத்ததாகவும் பதிவாயிற்று. விசாரணை முடிந்த திங்கட்கிழமை அவளை மார்னிக்ஸின் அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே யோலெய்னும் இருந்தாள். மேசையில் காப்பி இருந்தது. பிஸ்கட் டின் திறந்தே இருந்தது. மார்னிக்ஸ் ஒரு கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். மேல் மூலையில் தொண்ணூற்றொன்பது என்று அச்சாகியிருந்தது.

"அன்பான யான்டினா," என்று தொடங்கியது. "நமது பயணங்கள் நமது கட்டடத்தைவிட விரிவானவை என்பதை மகிழ்ச்சியோடு கண்டுகொள்கிறோம். இருபத்திரண்டு வருடங்களின் நிறைவை, இனி வரும் காலைகளின் பரந்த வெளியோடு இணைத்துக் கொண்டாட நாம் எல்லோரும் ஆவலாக இருக்கிறோம்."

யான்டினா முதலிலிருந்து படித்தாள். கடைசியிலிருந்தும் ஒரு தடவை படித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

"மார்னிக்ஸ், என்னை வேலைய விட்டு எடுத்துட்டீங்களா?"

மார்னிக்ஸின் தலை வழக்கத்தைவிட அதிகமாகச் சாய்ந்தது. "'எடுக்கறது'ங்கற சொல்லு..."

"சரி, வேற மாதிரி கேக்கறேன். நாளைக்கு நான் வரணுமா, வேண்டாமா?"

"அது ரொம்ப அழகான கேள்வி, யான்டினா," என்றார் மார்னிக்ஸ். யோலெய்னைப் பார்த்தார். யோலெய்ன் சால்வையின் நுனியைப் பார்த்தாள்.

"பதில்?"

"கேள்விகளோட கொஞ்ச நாள் சேர்ந்து வாழறதும் ஒரு..."

"ஆமாவா, இல்லையா?"

"பிஸ்கட் எடுத்துக்குங்களேன்," என்றார் மார்னிக்ஸ்.

அவள் ஒன்றை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்தாள். மறுநாள் காலை எட்டரைக்கு வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். மார்னிக்ஸ் அவளுக்கு இதுவரை இன்னும் ஒன்பது கடிதம் கொடுத்திருக்கிறார். மதிப்பெண் தொண்ணூற்றொன்பதுக்குக் குறைந்ததே இல்லை. ஒவ்வொன்றையும் அவள் படித்து, நன்றி சொல்லி, கோப்பில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறாள். நாற்காலி நின்றுபோனால் வாடிக்கையாளர்கள் இப்போது கடிதம் எழுதுவதில்லை. யான்டினாவை நேராகத் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். அந்த நான்கு துளை அம்மாளின் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை ஹார்மோடு போய் அவளே சுண்ணாம்பு பூசி அடைத்துவிட்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தாள்.

ஆறு மாதம் ஆகிறது. அவளை அனுப்பிவிட வேண்டும் என்பதில் நிர்வாகம் இன்றும் உறுதியாக இருக்கிறது. ஒரே ஒரு சிக்கல்தான். யாராவது ஒருவர் அவள் முன்னால் போய் நின்று, "நாளையிலேர்ந்து வராதீங்க" என்று சொல்ல வேண்டும். ஒரு மனுஷியிடம் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லும் அளவுக்கு மரியாதை தெரிந்தவள் அந்தக் கட்டடத்தில் யான்டினா ஒருத்திதான்.